சூடானுக்குப் போகும் வெள்ளைத் துணி

நபீசா துணியைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவர் அல்ல. ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, காதருகே கொண்டுபோய்த் தேய்ப்பார். மொரமொரவென்று சத்தம் வந்தால் கஞ்சி அதிகம். அந்தக் கட்டை அப்படியே தள்ளிவிடுவார்.

அன்றும் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். துபாய் தேராவில், முர்ஷித் பஜாரில் எங்கள் மொத்தவிலைத் துணிக்கடை. சனிக்கிழமை, முற்பகல். ரமலானின் இருபத்து நான்காம் நோன்பு என்பது என் கணக்கு. முதலாளி ஹமீது காக்கா இருபத்து மூன்று என்கிறார். பிறை பார்த்த இரவிலிருந்து மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டேன். இருபத்து நான்குதான்.

நபீசா சூடான் நாட்டுக்காரர். ஐம்பதைக் கடந்தவர். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை துபாய்க்கு வந்து பெண்கள் உடுத்தும் துணியைக் கட்டுக் கட்டாக வாங்கி, ஓம்துர்மான் சந்தையில் விற்பார். கடைக்குள் வந்தால் முதலில் ஒரு நாற்காலி கேட்பார். விலை இறங்கும்வரை எழுந்திருக்க மாட்டார்.

"அண்ணே, இந்தம்மா உக்காந்துட்டாக. நாக்காலியவும் சேத்து வெல பேசாம எந்திரிக்க மாட்டாக" என்று எங்கள் பேக்கிங் ஆள் காளிமுத்து ஒவ்வொரு தடவையும் சொல்வார். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். சொல்லிவிட்டு அவரே ஓடிப்போய் நாற்காலி கொண்டு வருவார்.

அப்போது நபீசாவின் போன் அடித்தது. மகள் ஹிபா. கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

ஹிபாவின் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். பக்கத்துக் கடை ஷட்டரை யாரோ இழுத்து இழுத்து விடுகிறார்கள் என்று நினைத்து, காளிமுத்து வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். தெருவில் எல்லா ஷட்டரும் திறந்தே இருந்தன.

சத்தம் போனிலிருந்து வந்தது. சூடானில் போர் தொடங்கியிருந்தது.

தோஹாவிலிருந்து ஒரு கேள்வி

சூடானுக்கு ஒரு தடவை போய் வந்தவன் என்று சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகைப் பகுதியில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, தோஹா நஜ்மாவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: சண்டை முடிந்தால் அங்கே நிறைய கட்டட வேலை வரும் என்று ரூமில் பேசிக்கொள்கிறார்கள். அது எப்படிப்பட்ட நாடு? போகிறவன் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

தம்பி, முதல் பதில்: இப்போது போகாதீர்கள். எந்த ஏஜென்ட் என்ன சொன்னாலும் போகாதீர்கள்.

இரண்டாவது பதில் கொஞ்சம் நீளமானது. நான் பார்த்தது ஒரே ஒரு குளிர்காலம், அதிலும் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதல். மற்றதெல்லாம் படித்ததும், கடைக்கு வந்தவர்கள் சொல்லக் கேட்டதும். எது பார்த்தது, எது கேட்டது என்று பிரித்தே எழுதுகிறேன்.

இரண்டு ஆறு, மூன்று ஊர்

கொரோனா அடங்கிய பிறகு ஒரு குளிர்காலத்தில் போனேன். ஹிபாவின் கல்யாணம். நபீசா எங்கள் மூன்று பேரையும்தான் அழைத்தார். காளிமுத்துவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஹமீது காக்காவுக்குக் கொசு என்றால் பயம். கடைக்காக நான் போனேன்.

கார்ட்டூமில் இரண்டு ஆறுகள் சேர்கின்றன. எத்தியோப்பிய மலைகளிலிருந்து வருவது நீல நைல். தெற்கேயிருந்து வருவது வெள்ளை நைல். சேருமிடத்தில் கொஞ்சதூரம் இரண்டு நிறமும் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் என்று புத்தகங்களில் படித்திருந்தேன். நான் பார்த்தபோது நிறம் அவ்வளவு தெளிவாகப் பிரியவில்லை. மழைக்காலத்தில் வந்தால் தெரியும் என்றார்கள்.

ஆறுகள் நகரத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. கார்ட்டூம், பஹ்ரி, ஓம்துர்மான். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாலத்தில் போக வேண்டும். நான் இருந்த வாரத்தில் ராணுவ ஆட்சிக்கு எதிராக ஊர்வலம் நடந்த நாள்களில் பாலங்களை மூடினார்கள். எதை வைத்து மூடினார்கள் தெரியுமா? கப்பல் கண்டெய்னர்களை வைத்து. நாங்கள் துணி அனுப்பும் அதே நீலக் கண்டெய்னர், அதே சிவப்புக் கண்டெய்னர். கிரேனில் தூக்கிச் சாலைக்குக் குறுக்கே இறக்கிவிட்டுப் போனார்கள்.

வெளிநாட்டுக்காரர் இறங்கியதும் போலீஸில் பதிய வேண்டும். புகைப்படம் எடுக்கத் தனி அனுமதி. பாலத்தை எடுக்கக் கூடாது. வங்கி அட்டை எதுவும் செல்லாது, கையில் டாலர் நோட்டு வேண்டும், அதுவும் மடிப்பில்லாத நோட்டு. இதெல்லாம் அப்போதைய நிலவரம். இப்போது பதிவு செய்ய அந்த அலுவலகம் இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது.

சாப்பாடு நம் வாய்க்கு ஒத்துவரும். சோள மாவைப் புளிக்கவைத்து, சூடான தகட்டில் ஓர் ஓலைத்துண்டால் மெல்லிசாக இழுத்து எடுக்கிறார்கள். கிஸ்ரா என்று பெயர். சட்னி இல்லாத தோசை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். காலையில் வேகவைத்த பயறு, மேலே நல்லெண்ணெய். ஆம், நம் நல்லெண்ணெய். எள் அங்கே நிறைய விளைகிறது.

தெருவோரம் மரத்தடிகளில் டீ விற்பவர்கள் பெண்கள். ஒரு சிறு கரியடுப்பு, வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள், சுற்றிலும் குட்டை ஸ்டூல்கள். புட்டிகளில் ஏலம், கிராம்பு, பட்டை, சுக்கு. காப்பியிலும் சுக்கைத் தட்டிப் போடுகிறார்கள். ஹமீது காக்கா கடையில் தரும் டீயை நபீசா ஏன் "சீனி போட்ட வெந்நீர்" என்று சொன்னார் என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது விளங்கியது.

புழுதிப் புயல் நான் பார்க்கவில்லை. கேட்டதுதான். அடிவானத்தில் சிவப்புச் சுவர் ஒன்று எழுந்து, நகரத்தை நோக்கி நடந்துவருமாம். பகல் இரவாகிவிடுமாம். மேரோவே என்ற இடத்தில் பாலைவனத்தின் நடுவே பிரமிடுகள் இருக்கின்றன. எகிப்தில் இருப்பதைவிடச் சூடானில் எண்ணிக்கை அதிகம் என்பதைப் படித்திருக்கிறேன். போய்ப் பார்க்க ஒரு கார் பேசியிருந்தேன். அன்று பாலத்தை மூடிவிட்டார்கள்.

மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சூடான்காரர் உங்களைச் சந்தித்தால் முதலில் உங்கள் தோளைத் தட்டுவார். பிறகு கை கொடுப்பார். பிறகு நலம் விசாரிப்பார். நீங்கள் நலம் என்று சொன்ன பிறகும் விசாரிப்பார். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், உங்கள் ஊரில் எல்லாரும் நலமா என்று ஒரு சுற்று வந்து, மறுபடி உங்களிடம் வந்து நிற்பார். அவசரக்காரர்களுக்கு அந்த நாடு ஒத்துவராது.

சிவப்பு, வெள்ளை

இனி துணி. இது எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல, விற்றுத் தெரிந்தது.

சூடான் பெண்கள் உடுத்துவது தோப். வளைகுடாவில் ஆண்கள் போடும் நீளச் சட்டைக்கும் அதே பெயர்தான், ஆனால் இது வேறு. தைக்காத துணி. நம் புடவையைவிடக் கொஞ்சம் நீளம் குறைவு, அகலம் அதிகம். உடம்பைச் சுற்றி, தலையை மூடி, மீதியைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். வாயில் என்ற மெல்லிய பருத்தித் துணியானால் நன்றாகப் போகும்.

எங்களுக்கு அந்த வியாபாரத்தில் ஒரு காலண்டர் உண்டு. பெருநாளுக்கு முன் பூப்போட்டது. குளிர்காலத்தில், கல்யாணக் காலம் என்பதால், சிவப்பும் பொன்னிறமும். பெருநாள் கழிந்து, மழைக்கு முன், பள்ளிகள் திறக்கும் பருவத்தில் வெள்ளை. டீச்சர்களும் நர்ஸ்களும் அரசாங்க அலுவலகப் பெண்களும் அங்கே வேலைக்கு வெள்ளைத் தோப்தான் உடுத்திப் போவார்கள். ஆகவே வெள்ளைக்கு ஆர்டர் வந்தால் பள்ளி திறக்கப்போகிறது என்று அர்த்தம். இதை எங்கள் கடையில் யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. கடைக்கு வந்த ஆறு மாதத்தில் காளிமுத்துவே எந்தக் கட்டை முன்னால் இழுத்துவைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார்.

ஹிபா டீச்சர். கல்யாணத்துக்கு முந்தின வருடம் தாயோடு துபாய் வந்திருந்தாள். மெலிந்த பெண், பெரிய கண்ணாடி. எங்களிடம் இருந்த விலை உயர்ந்த வெள்ளையை, ஓரத்தில் வெள்ளை நூலிலேயே பூ வேலை செய்ததை, ஹமீது காக்கா எடுத்துக் காட்டினார். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். சாதாரண வெள்ளை போதும் என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"பிள்ளைகள் ஓரத்தைப் பிடித்து இழுப்பார்கள், மாமா. பூ பிய்ந்துவிடும்."

"வெள்ளை சீக்கிரம் அழுக்காகுமே?"

"ஆகும். ஆனால் சாக்பீஸ் தெரியாது" என்று சிரித்தாள்.

கல்யாணத்தில் அவள் சிவப்பு உடுத்தியிருந்தாள். எங்கள் கடைத் துணி. மாப்பிள்ளை உஸ்மான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். இருவர் கையிலும் சிவப்புப் பட்டுநூல் கட்டினார்கள். பிறகு ஒரு சடங்கு. ஆளுக்கொரு வாய்ப் பாலை உறிஞ்சி, ஒருவர் மேல் ஒருவர் துப்ப வேண்டும். யார் முந்துகிறார்களோ வீட்டில் அவர்கள் ராஜ்யம் என்று பெண்கள் கூச்சலிட்டார்கள். ஹிபாதான் முந்தினாள். உஸ்மான் கண்ணைத் திறக்க முடியாமல், முகமெல்லாம் பால் வழிய, தன் தோளைத் தானே தட்டிக்கொண்டு எல்லாரிடமும் நலமா நலமா என்று கேட்டார். மண்டபமே சிரித்தது.

கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குத் துண்டு கொடுத்தவன் நான்தான்.

தாய் இங்கே, மகள் அங்கே

ஷட்டர் சத்தம் கேட்ட அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

விமான நிலையத்திலேயே சண்டை. நபீசா திரும்பிப் போகவிருந்த விமானம் இல்லை, அதற்கடுத்த விமானமும் இல்லை, பிறகு விமானமே இல்லை. அவர் அந்தத் தடவை வாங்கியது முழுக்க வெள்ளை. பெருநாளுக்குப் பிறகு பள்ளி திறக்கும் பருவத்துக்கான சரக்கு. அனுப்ப வழியில்லாததால் அல் கூஸில் இருக்கும் எங்கள் கிடங்கில் இறக்கிவைத்தோம். காளிமுத்து மேலே தார்ப்பாய் போட்டு மூடினார்.

நாயிஃபில் நாலைந்து சூடான் பெண்கள் சேர்ந்து எடுத்திருந்த ஓர் அறையில் நபீசாவும் ஒண்டிக்கொண்டார். பகலில் கடைக்கு வந்து தன் நாற்காலியில் உட்காருவார். வாங்க ஒன்றுமில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஹமீது காக்கா அவருக்கென்று டீயில் சுக்கு போடச் சொன்னார். இருபது வருடத்தில் அவர் டீக்குக் கூடுதலாக ஒன்றைச் சேர்த்தது அந்த ஒரு தடவைதான். நபீசா குடித்துப் பார்த்துவிட்டு, "இப்போது சுக்கு போட்ட வெந்நீர்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

ஹிபாவை வெளியே கொண்டுவர வேண்டும். இது ஒன்றுதான் அவருக்கு. எகிப்து எல்லைக்கு பஸ் ஓடியது. ஆனால் ஹிபாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார்கள். கொடுத்த அலுவலகம் சண்டை நடக்கும் தெருவில் இருந்தது. உஸ்மானுக்குப் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் படுக்கையில் கிடக்கும் தகப்பனாரை விட்டுவிட்டு அவரால் வர முடியாது.

கடைசியில் உஸ்மான்தான் முடிவு செய்தார். ஹிபாவை மட்டும் தெற்கே மதனி என்ற ஊருக்கு, மாமா வீட்டுக்கு, பஸ் ஏற்றிவிட்டார். தான் தகப்பனாரோடு ஓம்துர்மானில் தங்கிக்கொண்டார். சண்டை ஓய்ந்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்.

போன் வாரக்கணக்கில் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அந்த நிமிடத்திலும் அவர்கள் முதலில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். நீ நலமா, வீட்டில் நலமா, கமால் (அது நான்) நலமா, ஹமீது நலமா. பாதி நேரம் அதிலேயே போய்விடும். விஷயத்துக்கு வரும்போது லைன் துண்டாகும். பக்கத்தில் இருந்து பார்க்கும் எனக்குப் பதறும். ஒருநாள் சொல்லிவிட்டேன், நேராக விஷயத்தைக் கேளுங்களேன் என்று.

"அதுதான் விஷயம்" என்றார் நபீசா.

விசிட் விசாவை எத்தனை தடவைதான் நீட்ட முடியும்? ஹஜ் காலம் முடிந்த பிறகு உம்ரா விசாவில் ஜித்தாவுக்குப் போனார். அங்கே ஷரஃபியாவில் ஹமீது காக்காவின் மச்சானுக்குக் கடை இருக்கிறது. அவர்கள் வீட்டில் சில வாரம் தங்கினார். பிறகு செங்கடலைத் தாண்டும் கப்பலில் போர்ட் சூடானில் போய் இறங்கினார். ஊரைவிட்டு மற்றவர்கள் கப்பல் ஏறும் துறைமுகத்தில் இவர் இறங்கினார்.

புறப்படுவதற்கு முன் அல் கூஸ் கிடங்குக்கு வந்து தன் கட்டுகளைப் பார்த்தார். தார்ப்பாயைத் தூக்கி ஓரத்தை இழுத்து, வழக்கம்போல் காதருகே வைத்துத் தேய்த்தார்.

"பள்ளி திறந்தால் சொல்கிறேன். அதுவரை எலி கடிக்காமல் பார்த்துக்கொள்" என்று காளிமுத்துவிடம் அரபியில் சொன்னார். நான் தமிழில் சொல்வதற்குள் காளிமுத்து தலையை ஆட்டிவிட்டார்.

ஒரு வரிச் செய்தி

குளிர்காலத்தில் மதனியும் பாதுகாப்பில்லாமல் போனது. ஹிபா மறுபடி ஓடினாள். கிழக்கே ஓர் ஊர், அங்கிருந்து இன்னோர் ஊர், கடைசியில் போர்ட் சூடானில் தாயிடம் போய்ச் சேர்ந்தாள். நபீசா அனுப்பிய செய்தியில் ஒரே சொல்தான் இருந்தது: வந்துவிட்டாள். ஹமீது காக்கா அன்று கடையில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கினார்.

உஸ்மான் இன்னும் ஓம்துர்மானில்தான் இருந்தார்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாகப் பெருநாள் வாழ்த்தைத் தவிர வேறு செய்தி இல்லை. பிறகு ஒருநாள், அதுவும் பெருநாள் கழிந்து மழைக்கு முந்தின பருவத்தில், என் போனில் ஒரு வரி வந்தது. வெள்ளை. பூ வேலை இல்லாதது. கிடங்கில் இருக்கிற எல்லாம்.

ஹமீது காக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"பாத்தியளா? நான் சொன்னேன்லா? பள்ளிக்கூடம் தொறந்துட்டாஹ."

எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. சில மாநிலங்களில் பள்ளிகள் திறப்பதாகச் செய்தியிலும் காதில் விழுந்திருந்தது. பருவம் பொருந்தியது. சரக்கு பொருந்தியது. இத்தனை வருடமும் அந்தக் காலண்டர் எங்களை ஏமாற்றியதில்லை.

மூன்று பேரும் அல் கூஸுக்குப் போனோம். காளிமுத்து தார்ப்பாயை இழுத்தபோது கிளம்பிய தூசியில் மூன்று பேரும் தும்மினோம். எலி கடிக்கவில்லை. கட்டுகளைச் சரிபார்த்து, பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கத் தொடங்கினார். ஹமீது காக்கா கடையிலிருந்து ஒரு பையில் எதையோ கொண்டுவந்திருந்தார். பிரித்தார். ஓரத்தில் வெள்ளைப் பூ வேலை செய்த அந்த விலை உயர்ந்த தோப்.

"இத அந்தப் புள்ளைக்கு வைங்கோ. டீச்சரம்மா நல்லதா ஒண்ணு உடுத்தட்டும். பிச்சா பிக்கட்டும், பிள்ளையள்தானே."

"மொத நாளு இதக் கட்டிக்கிட்டுப் போச்சுன்னா பள்ளிக்கொடமே திரும்பிப் பாக்கும்" என்றார் காளிமுத்து.

போன் போடச் சொன்னார் காக்கா. அன்று முதல் தடவையிலேயே கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டேன். நபீசா நலம் விசாரித்தார். நான் நலமா, வீட்டில் நலமா, ஹமீது நலமா, காளி நலமா. காக்காவால் அதுவரை பொறுக்க முடியவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கி, தன் உடைந்த அரபியில், "மப்ரூக் நபீசா, மப்ரூக்! மத்ரஸா திறந்தாச்சு!" என்றார்.

வாழ்த்துகள், பள்ளி திறந்துவிட்டதே என்று அர்த்தம்.

 லைன் துண்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"ஹமீது" என்றார் நபீசா. "பள்ளியில் நாங்கள் குடியிருக்கிறோம்."

பிறகு மெதுவாகச் சொன்னார். ஓடிவந்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பறைக்கு மூன்று நான்கு குடும்பம். அவரும் ஹிபாவும் கரும்பலகைக்குக் கீழே படுக்கிறார்கள். ஓம்துர்மானிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. சில செய்திகள் ஒரு வருடம் பிந்தி வருகின்றன. வந்த அன்றைக்குத்தான் அந்தப் பெண்கள் இத்தா இருக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு உடுத்த அங்கே துணி இல்லை.

இத்தா என்பது கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் துக்க காலம். சூடானில் அப்போது வெள்ளைத் தோப் உடுத்துவார்கள், பூ வேலை இல்லாதது. எங்கள் காயல்பட்டினத்திலும் வெள்ளைதான். என் லாத்தா, அதாவது அக்கா, இத்தா இருந்தபோது வெள்ளை வாங்கி அனுப்பியவன் நான். ஹமீது காக்கா தன் உம்மாவுக்கு வாங்கியவர். எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை.

"உஸ்மான்?" என்று கேட்டேன்.

"ரொட்டி வாங்கப் போனான்" என்றார். "போன குளிர்காலத்தில். எங்களுக்கு முந்தாநாள்தான் தெரியும்."

காளிமுத்துவுக்கு அரபி வராது. என் முகத்தைப் பார்த்தார், காக்காவின் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த பட்டைக் கருவியைத் தரையில் வைத்தார்.

ஹமீது காக்கா, மரணச் செய்தி கேட்டால் சொல்லும் இன்னாலில்லாஹியைச் சொல்லி, அந்தப் பூ வேலைத் தோப்பை எடுத்துப் பைக்குள் வைத்தார். அது வழுக்கி வெளியே வந்தது. மறுபடி வைத்தார்.

"கமால்" என்றார் நபீசா. "முதல் துணி ஹிபாவுக்கு. அதை நீ காதில் வைத்துத் தேய்த்துப் பார்த்து எடு. சத்தம் வரக் கூடாது. அவள் இப்போது எந்தச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறாள்."

சரி என்றேன். அவர் மறுபடி எங்கள் எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் வைத்தார்.

கிடங்கின் கொல்லைப்புறம்

காளிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தான் இறுக்கிய பட்டைகளை வெட்டினார்.

ஒவ்வொரு துணியும் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அட்டையோடு இருக்கும். அட்டையில் வெள்ளைத் தோப் உடுத்தி, கையில் தோல்பை பிடித்துச் சிரிக்கும் ஒரு மாடல் பெண்.

"அண்ணே, இந்தப் படம் வேணாம்ணே" என்றார்.

மூன்று பேரும் உட்கார்ந்து உறைகளைத் திறந்து அட்டைகளை உருவினோம். ஹமீது காக்கா எங்களோடு தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். அட்டைகள் ஒரு குவியலாகச் சேர்ந்தன. எல்லாம் ஒரே முகம்.

இடையிடையே ஒவ்வொரு துணியாகக் காதருகே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். புதுத்துணி. இரண்டு வருடம் கிடங்கில் கிடந்தது. நபீசா கஞ்சி குறைவென்று பொறுக்கியெடுத்ததுதான், ஆனாலும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கஞ்சி இருந்தது. எல்லாவற்றிலும் சத்தம் வந்தது.

காளிமுத்து என் கையிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறக் குழாயடிக்குப் போனார். வாளியில் போட்டு அலசினார். தண்ணீர் பால்போல வெளுத்து வந்தது. கொட்டிவிட்டு மறுபடி அலசினார். தெளிவாகும்வரை அலசி, பிழியாமல் உதறி, பழைய இரும்பு ரேக்கின் மேல் விரித்துப் போட்டார்.

அல் கூஸ் வெயிலில் வாயில் துணி காய எவ்வளவு நேரம் ஆகப்போகிறது. போய் எடுத்தேன். ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, காதருகே வைத்துத் தேய்த்தேன். காளிமுத்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அதை மடித்து, முதல் கட்டின் மேலே வைத்தோம்.